சாமர்த்தியம் காம்பில்தான்: பீச்சு வெள்ளரி விதை எறியும் விதம்

மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில், சாலையோரத்திலும் தரிசிலும் இடிந்த சுவர்களின் அடியிலும் ஒரு செடி தானாக முளைத்துக் கிடக்கும். யாரும் விதைப்பதில்லை, தண்ணீர் ஊற்றுவதில்லை. சொரசொரப்பான சாம்பல் பச்சை இலை, வெளிர் மஞ்சள் பூ, நான்கைந்து சென்டிமீட்டர் நீளத்தில் உடம்பெல்லாம் முரட்டு ரோமம் வைத்த காய். பார்த்தால் களை என்று தாண்டிப் போய்விடுவோம். முற்றிய காய் ஒன்றின் மேல் கால் உரசும்போதுதான் அதன் குணம் தெரியும். காய் காம்பிலிருந்து பட்டென்று கழன்று ஒரு பக்கம் தெறிக்கும். அது கழன்ற துளை வழியாகக் கொழகொழப்பான நீரும் விதைகளும் மறுபக்கம் சீறிப் பாயும். காலே படாவிட்டாலும், நேரம் வந்தால் அது தானாகவே வெடிக்கும்.

தாவரவியலில் இதன் பெயர் எக்பாலியம் எலட்டீரியம். இந்தக் கட்டுரையில் பீச்சு வெள்ளரி என்று வைத்துக்கொள்வோம். வெள்ளரி, பூசணி, சுரை, பாகல், தர்ப்பூசணி எல்லாம் அடங்கிய குக்கர்பிட்டேசி குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் கிட்டத்தட்ட ஆயிரம் இனங்கள் உண்டு. அவற்றுள் எக்பாலியம் என்ற பேரினத்தில் இருப்பது இது ஒன்று மட்டுமே.

இந்தச் செடியைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் "காய்க்குள் அழுத்தம் கூடுகிறது, தாங்க முடியாமல் வெடிக்கிறது" என்பதோடு முடிந்துவிடுகின்றன. அது பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. அழுத்தம் மட்டும் இருந்தால் விதை வேகமாகப் போகும். தூரமாகப் போகும் என்று சொல்ல முடியாது. வேகம் வேறு, தூரம் வேறு. இரண்டையும் இணைக்கும் வேலையைச் செய்வது யாரும் கவனிக்காத காம்பு.

ஏன் எறிய வேண்டும்?

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. விதை ஏன் தாய்ச்செடியை விட்டுப் போக வேண்டும்? அடியிலேயே விழுந்தால் என்ன?

விழலாம். ஆனால் அங்கே வெயிலைத் தாயின் இலை மறைத்திருக்கும், மண்ணின் ஈரத்தைத் தாயின் வேர் உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஒரு காயின் விதைகள் மொத்தமும் ஒரே இடத்தில் முளைத்தால் உடன்பிறப்புகளுக்குள்ளேயே போட்டி. அது போதாதென்று, விதை தின்னும் பூச்சியும் அழுக வைக்கும் பூஞ்சையும் விதை குவிந்து கிடக்கும் இடத்தில்தான் பெருகும். நடக்க முடியாத உயிருக்கு இடம் மாறக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு விதையாக இருக்கும் காலம்தான். அந்த வாய்ப்பை விட்டால், முளைத்த இடத்தில்தான் வாழ்நாள் முழுவதும்.

இந்தக் குடும்பத்துச் செடிகள் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழிகள் விசித்திரமானவை. இந்தோனேசியத் தீவுக் காடுகளில் உயரமான மரங்களில் ஏறிப் படரும் அல்சோமித்ரா மேக்ரோகார்ப்பா என்ற கொடிக்குப் பெரிய உருண்டைக் காய். அதன் அடிப்பக்கம் திறக்கும்போது விதைகள் ஒவ்வொன்றாக நழுவி வெளியே வரும். ஒவ்வொரு விதைக்கும் இருபுறமும் ஒளி ஊடுருவும் மெல்லிய சிறகு; ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை சுமார் 13 சென்டிமீட்டர். இறகு போலச் சுழன்று விழாமல், வட்டமிட்டு மிதந்து இறங்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் விமான முன்னோடி இகோ எட்ரிச் தன் கிளைடரின் இறக்கை வடிவத்தை இந்த விதையிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்.

இன்னொரு உறவுக்காரச் செடி நேர் எதிர். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வளரும் குக்குமிஸ் ஹியூமிஃப்ரக்டஸ் என்ற காட்டு வெள்ளரி மண்ணுக்கு மேலே பூத்து, மண்ணுக்குள்ளே காய்க்கும். நிலக்கடலை செய்யும் அதே வேலை. புதைந்து கிடக்கும் காயை யார் எடுப்பது? ஆர்ட்வார்க் என்ற, எறும்பும் கறையானும் தின்னும் விலங்கு மோப்பம் பிடித்துத் தோண்டி எடுத்துத் தின்கிறது. வறண்ட பூமியில் அதற்கு அதுவே தண்ணீர். அந்த விலங்குக்குத் தன் சாணத்தைப் புதைக்கும் பழக்கம் உண்டு. ஆக, விதை தோண்டி எடுக்கப்பட்டு, தூரத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, எருவோடு சேர்த்து நடப்பட்டும் விடுகிறது. இதைவிடச் சொகுசான ஏற்பாடு தாவர உலகில் அதிகம் இருக்காது.

பீச்சு வெள்ளரிக்கு இந்த வசதி எதுவும் இல்லை. அது மரமேறாது. குடும்பத்தில் பெரும்பாலான செடிகளுக்கு இருக்கும் பற்றுக்கம்பிகூட இதற்கு இல்லை. தரையோடு தரையாகப் பரவிக் கிடக்கும். அந்த உயரத்திலிருந்து சிறகு விரித்தால் எங்கே போகும்? சரி, விலங்குகளை நம்பலாமா என்றால் அதுவும் முடியாது. காய் முழுவதும் குக்கர்பிட்டாசின் என்ற கடுங்கசப்புச் சேர்மங்கள் நிறைந்த நஞ்சு. தின்னத் தகுந்த சதையும் இல்லை, வாவென்று அழைக்கும் நிறமும் இல்லை; முற்றினாலும் பச்சையாகவேதான் இருக்கும். மிச்சமிருப்பது ஒரே வழி: தன் விதையைத் தானே எறிவது.

தசை இல்லாமல் அழுத்தம்

எறிவதற்கு விசை வேண்டும். தசையும் நரம்பும் இல்லாத செடிக்கு விசை தருவது தண்ணீர்.

செடியின் ஒவ்வொரு செல்லும் ஒரு மெல்லிய சவ்வுக்குள் கரைசலை அடைத்து வைத்திருக்கிறது. சவ்வுக்கு வெளியே, சற்று விறைப்பான செல்சுவர். உள்ளே சர்க்கரையோ உப்போ வேறு கரைபொருளோ அதிகமாக இருந்தால், வெளியிலிருந்து தண்ணீர் சவ்வு வழியாக உள்ளே நுழையும். பள்ளிப் பாடத்தில் சவ்வூடு பரவல் என்று படித்தது இதைத்தான். தண்ணீர் நுழைய நுழைய செல் உப்பும். செல்சுவர் அதற்கு மேல் விரிய விடாமல் தடுக்கும். இந்தத் தள்ளுமுள்ளில் உண்டாவது விறைப்பழுத்தம். வாடித் தொங்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து நிற்பது இந்த அழுத்தத்தால்தான். அதாவது, பீச்சு வெள்ளரி பயன்படுத்துவது ஏதோ அபூர்வமான சக்தியை அல்ல. எல்லாச் செடியிலும் அன்றாடம் இருப்பதையே அது எல்லை வரை கொண்டுபோகிறது.

காய் முற்றும்போது விதைகளைச் சுற்றியுள்ள மெல்லிய சுவர் கொண்ட திசுவில் கரைபொருள் சேர்கிறது, தண்ணீர் உள்ளே வருகிறது. அந்தத் திசு மெல்ல மெல்லக் கொழகொழப்பான நீராகக் குழைந்துபோக, வழுவழுப்பான விதைகள் அதில் அமிழ்ந்து கிடக்கின்றன. வெளிச்சுவர் கெட்டி, ஆனால் மீள்தன்மை உள்ளது. அது இழுபட்டு நிற்கிறது. இதற்கிடையில் காம்பும் காயும் சேரும் வளையத்தில் செல்களுக்கு இடையிலான பிடிப்பு தளர்ந்துகொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் காம்பு வெறும் மூடிதான். அது கழன்றதும், இழுபட்டிருந்த சுவர் சுருங்கி, உள்ளே இருப்பதைத் துளை வழியாகத் தள்ளிவிடுகிறது.

இதுவரை எல்லாம் எதிர்பார்த்தபடிதான். இனிமேல்தான் விஷயம்.

கடைசி நேரத்தில் ஏன் தண்ணீரை விட்டுக்கொடுக்கிறது?

வெடிக்கப் போகிற காய் எப்படி இருக்கும் என்று கேட்டால், நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போய், வெடிக்கும் கணத்தில் உச்சத்தில் இருக்கும் என்றுதான் யாரும் சொல்வார்கள். பீச்சு வெள்ளரி அப்படிச் செய்வதில்லை. வெடிப்பதற்கு முந்தைய நாட்களில் காய்க்குள் இருக்கும் நீரில் ஒரு பகுதி காம்புக்குத் திரும்பிப் போகிறது. கஷ்டப்பட்டுச் சேர்த்த அழுத்தத்தைக் காயே குறைத்துக்கொள்கிறது!

இதை 2024இல் வெளியான ஆய்வொன்றில் ஆக்ஸ்ஃபோர்டு, மான்செஸ்டர் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் தோட்டத்தில் வளர்த்த செடிகள்தான் சோதனைப் பொருள். வெடிப்பதற்கு முன்னும் பின்னும் காயும் காம்பும் எவ்வளவு பருமன் என்று அளந்தார்கள். காயை வெளியிலிருந்து அழுத்தி, எவ்வளவு அமுங்குகிறது என்பதை வைத்து உள்ளழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். உள்ளமைப்புக்கு சி.டி. ஸ்கேன், நாள்கணக்கில் மெதுவாக நடப்பதைப் பார்க்க இடைவெளி விட்டு எடுத்த படங்கள், வெடிக்கும் கணத்துக்கு வினாடிக்கு 8,600 படங்கள் வரை எடுக்கும் கேமரா.

நீர் போய்ச் சேர்ந்த காம்பு என்ன ஆகிறது? நீள்கிறது, தடிக்கிறது, விறைக்கிறது. விறைத்த காம்பு கொஞ்சம் நிமிர்கிறது. அதன் நுனியில் தொங்கிக்கொண்டிருந்த காயும் கூடவே சாய்கிறது.

இந்தச் சாய்வைப் புரிந்துகொள்ளக் காய் எப்படித் தொங்குகிறது என்று கவனிக்க வேண்டும். காம்பின் நுனி கொக்கி போல வளைந்திருக்கும். காய் அதிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும். காம்பு சேரும் முனை மேலே இருக்கிறது. வெடிக்கும்போது துளை விழுவது அந்த முனையில்தான். ஆக, காய் நேராகத் தொங்கினால் துப்பாக்கி வானத்தைப் பார்த்துக் குறிவைத்தபடி நிற்கிறது. காம்பு நிமிர்ந்து காயைச் சாய்த்த பிறகு, அதே துப்பாக்கி தரையிலிருந்து ஏறத்தாழ 45 பாகையில் நிற்கிறது.

45 பாகையில் என்ன இருக்கிறது? தோட்டத்துக் குழாயைக் கையில் பிடித்தவர்களுக்கு இது தெரிந்ததே. நேராக மேலே பிடித்தால் தண்ணீர் நம் தலையிலேயே விழும்; தரைக்கு இணையாகப் பிடித்தால் சீக்கிரமே மண்ணைத் தொடும். இரண்டுக்கும் நடுவில் சாய்த்துப் பிடித்தால்தான் தூரத்துச் செடிக்குப் போய்ச் சேரும். கணக்கிலும் அப்படியே. காற்றின் தடையை மறந்துவிட்டால், ஒரே வேகத்தில் எறியப்பட்ட பொருள் அதிகத் தூரம் போவது 45 பாகையில். 80 பாகையில் எறிந்தால் அந்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

இந்தப் பேரத்தின் இலாபத்தை ஆய்வாளர்கள் கணித மாதிரி ஒன்றில் போட்டுப் பார்த்தார்கள். காயிலிருந்து காம்புக்குப் போகும் நீரைக் குறைத்தால்? காயில் அழுத்தம் மிஞ்சுகிறது, விதை இன்னும் வேகமாகப் பாய்கிறது, ஆனால் ஏறக்குறைய நேராக மேலே! போன விதை தாயின் காலடியிலேயே வந்து விழும். மாறாக, காம்பை அளவுக்கு மேல் தடிமனாகவும் விறைப்பாகவும் ஆக்கினால், விதைகள் தரைக்கு இணையாகப் பாய்கின்றன. வெடிக்கும் நேரத்தில் காய் போதுமான அளவு திரும்புவதில்லை. கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். இடையில் ஒரு குறுகிய அளவில்தான் விதை தூரமாகவும் பரவலாகவும் போகிறது. செடி நிற்பது அந்த அளவில்தான்.

என் கணிப்பில், இந்தச் செடியில் வியக்க வேண்டியது வெடிப்பே அல்ல. வெடிக்கிற காய்கள் உலகத்தில் நிறைய. வேகத்தில் கொஞ்சத்தைக் கொடுத்துக் குறியை வாங்கிக்கொள்ளும் இந்தப் பண்டமாற்றுதான் அபூர்வம். யோசித்துச் செய்ததல்ல என்பது வேறு விஷயம். குறி பிசகிய செடிகளின் பிள்ளைகள் தாய்க்கடியிலேயே நெருக்கியடித்து மடிந்தன. குறி சரியாக வாய்த்தவற்றின் பிள்ளைகள் பரவின. தலைமுறை தலைமுறையாக இதுவே நடந்தால் காம்புக்குத் தானாகவே அளவு படிந்துவிடும்.

முப்பது மில்லிவினாடி

இனி வெடிக்கும் கணம். முதல் விதையிலிருந்து கடைசி விதை வரை வெளியேற ஆகும் நேரம் சுமார் 30 மில்லிவினாடி. கண் இமைக்கக்கூட இதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் நேரம் வேண்டும்.

பிடிப்பு விட்டதும், இதுவரை பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்த காம்பின் நுனி காயை விட்டுச் சட்டென்று பின்னுக்கு உதறிக்கொள்கிறது. ஒரு மில்லிவினாடிகூட ஆவதற்குள் நடக்கும் இந்த உதறலில் காய் எதிர்த்திசையில் சுழலத் தொடங்குகிறது. அப்படிச் சுழன்றுகொண்டே விதைகளைத் துப்புகிறது. விதையின் வேகம் வினாடிக்கு சுமார் 20 மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர். மிகத் தூரம் போகும் விதைகள் 10 மீட்டர் வரை, அதாவது காயின் நீளத்தைப் போல 250 மடங்கு தள்ளிப் போய் விழுகின்றன.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 45 பாகையில் எறிந்தால், காற்றே இல்லாத இடத்தில் விதை 40 மீட்டர் போக வேண்டும். வேகத்தின் இருமடியைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் வரும் விடை அது. நிஜத்தில் போவதோ அதில் கால் பங்கு. மீதியைக் காற்று தின்றுவிடுகிறது. சின்னஞ்சிறு விதைக்கு எடை கொஞ்சம். எடையோடு ஒப்பிட்டால் காற்றில் உராயும் பரப்பு அதிகம். அதனால் கிளம்பிய வேகம் சீக்கிரமே வடிந்துவிடுகிறது. கல்லைத் தூரமாக எறிய முடிகிற கையால் உமியை எறிய முடியாததும் இதனால்தான்.

அப்புறம், எல்லா விதையும் 10 மீட்டரில் போய் விழுந்தால் அதுவும் பிரச்சினைதான். தாயடியில் இருக்க வேண்டிய குவியல் பத்து மீட்டர் தள்ளி உருவாகும், அவ்வளவே. அப்படி நடப்பதில்லை. நீர் வெளியேற வெளியேறக் காயின் அழுத்தம் இறங்குகிறது. பின்னால் வரும் விதைகள் முன்னால் போனவற்றைவிட மெதுவாகக் கிளம்புகின்றன. காய் சுழன்றுகொண்டிருப்பதால் ஒவ்வொரு விதையின் கோணமும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. வேகமும் வேறு, கோணமும் வேறு என்றால் விழும் இடமும் வேறு. சில பக்கத்தில், சில நடுவில், சில தூரத்தில் என்று ஒரு பட்டை முழுவதும் தூவப்பட்டுவிடுகின்றன. ஒரே செடியில் காய்கள் வெவ்வேறு திசை பார்த்துத் தொங்குவதால், பருவம் முடிவதற்குள் செடியைச் சுற்றி எல்லாப் பக்கமும் விதை விழுந்திருக்கும்.

வெடித்துப் பரவும் வேறு செடிகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். காசித்தும்பையின் முற்றிய காயைத் தொட்டால், அதன் சுவர் பட்டைகளாகப் பிளந்து சுருண்டு விதைகளைச் சுண்டிவிடும். அதிலும் ஈரத்தின் விறைப்புதான் விசை, ஆனால் எறிவது சுவரின் சுருளல். இங்கே எறிவது நீர்த்தாரை. பல அவரைக் குடும்பச் செடிகளில் காய் நன்றாகக் காய்ந்து, சுவரின் அடுக்குகள் வெவ்வேறு திசையில் சுருங்கி, முறுக்கிக்கொண்டு வெடிக்கும். அது உலர் வெடிப்பு. நீரையே உந்துபொருளாக வைத்து, ஒரே துளை வழியாக, குறிபார்த்துப் பீய்ச்சுவதற்கு பீச்சு வெள்ளரியைப் போல இன்னொன்று கிடைப்பது கடினம்.

பார்க்கக் கிடைத்தால்

நீர்த்தாரை வேடிக்கையாக இருந்தாலும் நீர் வேடிக்கையானதல்ல. இதன் சாற்றை வடித்து உலர்த்தி எடுத்த எலட்டீரியம் என்ற பொருள் பழங்காலத்திலிருந்து கடும் பேதி மருந்தாகப் பயன்பட்டது, கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடீஸ் அதைத் தயாரிக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார். அளவு கொஞ்சம் கூடினாலே ஆபத்து என்பதால் நவீன மருத்துவம் அதைக் கைவிட்டுவிட்டது. சைனஸ் தொல்லைக்கு இந்தச் சாற்றை மூக்கில் விட்டுக்கொள்ளும் நாட்டு வழக்கம் துருக்கியில் இன்னும் இருக்கிறது. அப்படி விட்டுக்கொண்டு உள்நாக்கு வீங்கி, மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் உண்டு. கண்ணில் பட்டாலும் எரிச்சலும் வீக்கமும் வரும். கையில் பட்டால் கழுவிவிடுங்கள்; வாயில் வைத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

படம்பிடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கைபேசியின் ஸ்லோமோஷன் வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் என்றால், 30 மில்லிவினாடி வெடிப்பில் ஏழு படங்கள் தேறும். அந்த ஏழில் விதை வெறும் கோடாகத்தான் தெரியும். ஆனால் காயும் காம்பும் பிரிவது, காம்பு பின்னுக்கு உதறுவது, காய் திரும்பத் தொடங்குவது மூன்றும் ஓரளவு பிடிபட்டுவிடும். வெயில் நன்றாக இருக்கும்போது எடுங்கள், இருட்டினால் படம் மங்கும். காயை எதனால் தொடுவதானாலும் நீளமான குச்சியால் தொடுங்கள். துளை விழப்போவது காம்பு சேரும் முனையில் என்பதால், அந்த முனை பார்க்கும் பக்கம் நிற்காமல், பக்கவாட்டில் நின்றுகொள்ளுங்கள்.